“சந்தேகமே போதும்” என்ற அந்தோணிசாமி சார்

அந்தோணிசாமி சார் காலமாகிவிட்டார் என்று நண்பன் கோவிந்தன் போனில் சொன்னபோது நான் சேலத்தில் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் தருமபுரிக்கு வண்டி ஏறினேன். அவரிடம் பயிற்சிக்கு இருந்தவர்கள் பலரும் அவர் வீட்டு வாசலில் கூடியிருந்தோம். துக்க வீட்டில் தாழ்ந்த குரலில் பேச வேண்டும் என்பதே மறந்துபோனது. அவரைப் பற்றி ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் தொடங்கினார். அவர் மகள் வெளியே வந்து, “இன்னும் சத்தமாச் சொல்லுங்கண்ணா, உள்ள அம்மாவுக்கும் கேக்கட்டும்” என்றார். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். பாலிடெக்னிக் கடைசி வருடத்தில் என்னையும் கோவிந்தனையும் தருமபுரிப் பக்கம் ஒரு மின்சார அலுவலகத்துக்குச் செய்முறைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி என்றால் டீ வாங்கி வருவதுதான் என்று எங்கள் சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். சார் அங்கே ஜூனியர் இன்ஜினியர். முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் முன் கைகட்டி நின்றோம்.

“கையக் கீழ விடுங்க. கட்டுன கையால என்னாங்க வேலை செய்ய முடியும்?” என்றார். மாணவர்களிடம் ‘ங்க’ போட்டுப் பேசிய அதிகாரியை அன்றுதான் பார்த்தோம். “ஒரு வேலை எதுக்குன்னு சொல்றது என் பொறுப்பு. புரியலன்னா கேக்கறது உங்க பொறுப்பு” என்றும் சொன்னார். கோவிந்தன் அன்றைக்கே கேள்வி மேல் கேள்வி கேட்டு அவரைச் சாப்பிட விடவில்லை. “சோறு தின்னுட்டு வந்துடறேன் சாமி” என்று சார் கும்பிட்டார்.

கம்பம் நடும் பாதையை வரைய எங்களையே விட்டார். நான் வரைந்த பாதை ஒன்று நன்றாக அமைந்தது. மேலதிகாரியிடம், “இவரு போட்டதுங்க” என்று என்னை முன்னால் தள்ளினார். அடுத்தது ஒரு விவசாயியின் கிணற்று மேட்டின் மேலேயே போய் முட்டியது. அந்த விவசாயி சண்டைக்கு வந்தபோது, “நாங்க போட்டதுதாங்க தப்பு, மாத்திடறோம்” என்றார். ‘இவரு’ எப்படி ‘நாங்க’ ஆனது என்பதைக் கோவிந்தன்தான் எனக்குச் சுட்டிக்காட்டினான்.

பிறகு அந்த நாள் வந்தது. இண்டூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு முதன்முதலாகக் கரண்ட். டிரான்ஸ்பார்மரைச் சுற்றி ஊரே நின்றது. மேளம், மாலை, குழந்தைகளின் கூச்சல். மேலதிகாரி ஜீப்பில் வந்திருந்தார். கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம் கடைசிக் கம்பத்தில் வேலை முடிந்ததென்று லைன்மேன் முனுசாமி கரட்டின் மேலேறிப் பச்சைத் துணியை ஆட்டிவிட்டுப் போனார். சார் மின்சாரம் விடும் சுவிட்சின் கைப்பிடியில் கை வைத்தார்.

அப்போதுதான் எனக்குச் சங்கிலி நினைவு வந்தது. வேலை நடக்கும்போது பாதுகாப்புக்காகக் கம்பிகளைத் தரையோடு இணைத்து ஒரு சங்கிலி மாட்டுவார்கள். காலையில் முனுசாமி அதை மாட்டியதைப் பார்த்தேன், கழற்றியதைப் பார்க்கவில்லை. அது கிடக்க மின்சாரம் விட்டால் இங்கேயே நெருப்புப் பறக்கும், இத்தனை ஜனங்களுக்கு நடுவில்.

“சார், வேண்டாம். சங்கிலி கழட்டினதை நான் பாக்கல.”

“மாட்டியிருக்குன்னு தெரியுமா, சந்தேகமா?”

“சந்தேகம்தான் சார்.”

“சந்தேகமே போதும்.” கையை எடுத்துவிட்டார்.

“நல்ல நேரம் போவுதுங்க!” என்று ஊர்த்தலைவர் பதறினார். “படிக்கிற பையன் பேச்சைக் கேட்டா நிறுத்துறீங்க?” என்று மேலதிகாரி சீறினார். சார் ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, சுவிட்ச் கைப்பிடிக்குக் கோவிந்தனைக் காவல் வைத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே மிதித்தார். என் நெஞ்சு அடித்தது அவர் முதுகுக்கே கேட்டிருக்கும்.

கம்பத்தடியில் முனுசாமி பீடி பிடித்துக்கொண்டிருந்தார். “அப்பவே கழட்டிட்டனுங்க சார். அந்தா கெடக்குது பாருங்க.”

சங்கிலி தரையில் கிடந்தது. எனக்கு அங்கேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. சார் என் பக்கம் திரும்பினார்.

“அடுத்த தடவ சந்தேகம் வந்தாலும் இப்படியே நிறுத்துங்க. என்னா?”

திரும்பி வந்ததும் மேலதிகாரியிடம், “எல்லாம் சரியா இருக்குதுங்க. ஆனா இன்னிக்கு இவரு வாய அடைச்சிட்டா, நாளைக்கு நெசமா ஆபத்து வரும்போது யாருங்க சொல்லுவாங்க?” என்றார். சார் மறுபடி கைப்பிடியைப் பிடித்து, ஊரே கேட்க என்னிடம் கேட்டார்: “போடலாங்களா?”

“போடலாம் சார்!”

பட்டப்பகலில் கோயில் வாசலில் குண்டு பல்பு எரிந்தது. ஒலிபெருக்கி வீறிட்டது. பக்கத்துக் கொல்லையில் மோட்டார் உறுமி, குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்தது. “வந்துருச்சுடோய்!” என்று ஊர் அலறியது. மேளக்காரர்களுக்குத் தாளமே நிற்கவில்லை. மேலதிகாரிகூடக் கைதட்டினார். ஊர்த்தலைவர் எனக்குப் போட்ட மாலையைக் கழற்றிக் கோவிந்தன் சாருக்குப் போட்டான். அவர் அதை, அதற்குள் நடந்து வந்து சேர்ந்திருந்த முனுசாமி கழுத்தில் போட்டார்.

நானும் அதிகாரியாகி, என்னிடமும் மாணவர்கள் வந்தார்கள். ஒருமுறை பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி எல்லோர் முன்னிலும், “சார், கொஞ்சம் இருங்க” என்றாள். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. ஆனால் வாயில் வந்தது, “சொல்லுங்கம்மா” என்பதுதான். அந்தக் கோபம் என்னுடையது. அந்த ‘ங்க’ அந்தோணிசாமி சாருடையது.