இலவச இடம்

மேடையில் நான் தோற்றதுண்டு, சிரிப்புக்கு ஆளானதில்லை. எதிரணியினர் என் வாதங்களை உடைத்திருக்கிறார்கள். ஒருமுறை என் முத்தாய்ப்பு வரியில் ஒலிவாங்கியே செத்துப்போயிருக்கிறது. அவற்றையெல்லாம் நிமிர்ந்து நின்று ஏற்றவன் நான். ஆனால் எங்கள் வீட்டுக் கணினியில் இருந்த ஒரு சொல், கல்லூரிக் கூடம் நிறைந்த மாணவர்கள் முன்னிலையில் என் தந்தையைச் சிரிப்புக்கு இரையாக்கியது. அந்தச் சொல்லைத் திருத்தியவன் நானே என்று அதே மேடையில் சற்று முன்னர்தான் முழங்கி அமர்ந்திருந்தேன்.

எங்கள் வீடு தொப்பூர்க் கணவாய் தொடங்குவதற்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சுவர் எங்களுடையது, அது நிற்கும் மண் எங்களுடையதன்று. சாலையோர உணவகத்தில் பரோட்டா மாஸ்டராக இருக்கும் அப்பா, வீட்டுமனைப் பட்டா கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டே இருப்பவர். ஒவ்வொரு மனுவுக்கும் சில வாரங்களில் அவருடைய கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும்: 'தங்கள் மனு முடிக்கப்பட்டது.' அப்பா அதை எனக்குக் காட்டிவிட்டு அடுத்த மனுவை எழுதச் சொல்வார். அவருக்காக மனு எழுதித்தான் எனக்கு வாக்கியம் கட்டமைக்க வந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

கல்லூரியில் எனக்கு ஒரு சொற்போர் இணை இருந்தான். ஒரே வகுப்பு. ஒரே மேசையில் அமர்ந்து குறிப்பெடுத்து, ஒருவன் தொடங்க மற்றவன் முடிக்க, பல கோப்பைகளை நாங்கள் சேர்ந்தே தூக்கியிருக்கிறோம். எங்கள் வீட்டுக் கணினியில் ஒரு புதிய இயங்குதளத்தின் சோதனைப் பதிப்பை ஏற்றும் யோசனையும் அவனுடையதே.

"மச்சி, புது ஓ.எஸ். இன்னும் வெளியவே வரலடா. அதுக்கு முன்னாடி நம்மள மாதிரி ஆளுங்ககிட்ட குடுத்துப் பாக்கறாங்க. தமிழ்லயும் இருக்கு. தப்பு கண்டுபிடிச்சு எழுதிப் போட்டா மாத்துவாங்களாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவோடு வீட்டிற்கு வந்தான். எங்கள் கணினி, தருமபுரியில் மூடப்பட்ட ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வாங்கிய பழைய பெட்டி. முக்கியமான கோப்புகள் உள்ள கணினியில் இதை நிறுவ வேண்டாம் என்று திரை எச்சரித்தது. அந்த எச்சரிக்கைக்குக் கீழே இன்னொரு வரி: 'உங்கள் குரலே எங்கள் வழிகாட்டி.' குரலை நம்பி வாழ்கிறவனிடம் இதைவிட வேறென்ன சொல்ல வேண்டும்? நிறுவினோம்.

மேடைக் குரலில் நான் திரையில் கண்ட சொற்களையெல்லாம் உரக்க வாசித்தேன். அவன் தப்பும் தவறும் குறித்துக்கொண்டான். கோப்புகள் இருக்கும் பக்கத்தைத் திறந்ததும் கையை உயர்த்தி, "இலவச இடம்!" என்றேன். அப்போதுதான் வேலை முடிந்து, மைதா படிந்த துண்டோடு அப்பா உள்ளே வந்தார்.

"எங்கடா?"

"என்னங்கப்பா?"

"இலவச இடம்னியே. எந்த ஊர்ல குடுக்கறாங்க? பட்டாவோடவா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தோளிலிருந்த துண்டைக்கூட எடுக்காமல், கண்கள் விரிய நின்று கேட்டார். நண்பன்தான் எழுந்து நின்று பணிவாகச் சொன்னான்.

"அது கம்ப்யூட்டருக்குள்ள காலியா இருக்கற இடங்க மாமா. தப்பா எழுதிட்டாங்க."

அப்பா ஒரு கணம் திரையைப் பார்த்தார். "அப்டீங்களா. சரி, உள்ளயே இருக்கட்டும். அங்கயாச்சும் எவனும் ஆக்கிரமிப்புன்னு வந்து நிக்க மாட்டான்."

மூவரும் சிரித்தோம். அது எங்கள் வீட்டுச் சிரிப்பு. பிறகு அப்பா அடுப்பைப் பற்றவைத்தார். ரெண்டு போதுங்க மாமா என்று தொடங்கிய என் நண்பன் அடுத்தடுத்து ஐந்து பரோட்டாக்களை உள்ளே தள்ளினான்.

அன்றே நான் எழுதினேன். 'விலையின்றிக் கிடைப்பது இலவசம். எதுவும் வைக்கப்படாதது காலி. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஃப்ரீ என்ற ஒரே சொல் போதுமாக இருக்கலாம். தமிழுக்கு அந்த வறுமை இல்லை. எனவே இதனைக் காலி இடம் எனத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.' கருத்துப் பக்கத்தில் பிறர் ஆதரவு தெரிவிக்க வழி இருந்தது. முதல் ஆதரவு நண்பனுடையது. வகுப்பே பின்தொடர்ந்தது.

அதன்பின் அந்தச் சோதனைப் பதிப்பு என்னைப் படுத்திய பாட்டை நான் பொறுத்தேன். ஒரு நாள் ஒலி போகும். ஒரு நாள் எழுத்துகள் கட்டங்களாகும். எழுதி முடித்த உரையொன்று கண்ணெதிரே மறைந்தது. ஆயினும் என்னிடம் கருத்துக் கேட்ட முதல் இயந்திரம் அது. ஒரு மாலை அடுத்த பதிப்பு இறங்கியது. என் கோரிக்கையின் எதிரில் 'தீர்க்கப்பட்டது' என்றிருந்தது. உடனே கோப்புப் பக்கத்தைத் திறந்தேன். காலி இடம். அப்பாவை அழைத்துக் காட்டினேன்.

"நீ ஒரே ஒரு மனுதான போட்டே? மாத்திட்டாங்களா?" என்றார். பிறகு, "பரவால்லயே" என்றார். அந்தச் சொல்லில் பெருமையும் இருந்தது, சிறு பொறாமையும் இருந்தது.

சென்னையில் நடக்கும் மாநிலச் சொற்போருக்குக் கல்லூரியிலிருந்து இம்முறை ஒருவர்தான் போகலாம் என்று அறிவித்தார்கள். தேர்வுக்கான தலைப்பு: 'கணினி யுகத்தில் தமிழ் வளர்கிறதா, தளர்கிறதா?' சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வளர்கிறது, நண்பனுக்குத் தளர்கிறது. முதன்முறையாக நாங்கள் தனித்தனியே தயாரித்தோம். அப்பாவை விடுப்பெடுத்து வரச் சொன்னேன். வெள்ளைச் சட்டையில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார்.

என் உரை நன்றாகவே அமைந்தது. வீட்டைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை. "கணவாய் ஓரத்துச் சிற்றூரிலிருந்து ஒரு குரல் கேட்டது, கடல் கடந்த கணினி தன் சொல்லைத் திருத்திக்கொண்டது! கேட்கும் செவி இருக்கும்வரை தமிழ் தளராது!" கைத்தட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று.

பிறகு நண்பன் வந்தான். மடிக்கணினியைத் திரையோடு இணைத்தான்.

"என் நண்பர் சொன்னது சோதனைப் பதிப்பு. இதோ, போன வாரம் உலகத்திற்கு வெளியான இறுதிப் பதிப்பு. வாசியுங்கள்."

சுவர் உயரத்திற்கு நின்றது: இலவச இடம்.

என்னிடம் திருத்திக் காட்டிவிட்டு உலகத்திடம் பழையதையே கொடுத்திருக்கிறார்கள். அதை விழுங்குவதற்குள் அவன் குரலைத் தாழ்த்தினான். அந்த உத்தி எனக்குத் தெரியும். நாங்கள் சேர்ந்து பழகியது. "இதைக் கேட்ட ஒரு பெரியவர், பரோட்டா மாஸ்டர், துண்டும் தோளுமாக ஓடிவந்து கேட்டார் ஐயா, எந்த ஊர்ல குடுக்கறாங்க, பட்டாவோடவா?"

கூடம் சிரிப்பில் உருண்டது. நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார், பக்கத்திலிருந்தவர்கள் சிரித்ததால். கை மட்டும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

சென்னைக்கு அவன் தேர்வானான். படிக்கட்டில் மறித்துக் கேட்டேன்.

"போன வாரமே பாத்துட்டியா?"

"பாத்தேன்டா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பேச்சையே மாத்திருப்ப. போட்டிடா மச்சி இது."

"எங்கப்பாவ எதுக்குடா?"

"பேரச் சொல்லலையே?"

ஆதாரத்தை மறைத்தது போட்டியின் இயல்பு என்று நானே ஒப்புக்கொள்வேன். ஆனால் எங்கள் வீட்டில் அமர்ந்து உண்டவன், எங்கள் வீட்டில் கேட்டதை எடுத்துப்போய் விற்றான். 'பேரச் சொல்லலையே' என்பதை மேடையில் எவன் சொல்லியிருந்தாலும் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். அந்தப் படிக்கட்டில் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கினேன்.

வீடு திரும்பும் பேருந்து நல்லம்பள்ளியைத் தாண்டியது. அப்பா கேட்டார். "நம்மூட்ல வந்து அஞ்சு பரோட்டா தின்னானே, அந்தப் பையன்தான?"

"ஆமாங்கப்பா."

"நல்லாத்தான் பேசறான்." சன்னலுக்கு வெளியே லாரிகள் வரிசையாக ஊர்ந்தன. "உனக்கும் முடிஞ்சதுன்னுதான் மெசேஜ் வந்துச்சா?"

"ஆமாங்கப்பா."

அவர் சட்டைப்பையிலிருந்த கைப்பேசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் கணினியைத் திறந்தேன். என் கோரிக்கையின் எதிரில் இன்னமும் 'தீர்க்கப்பட்டது' என்றே இருந்தது. மூலையில் ஓர் அறிவிப்பு: அடுத்த சோதனைப் பதிப்பு தயார். 'இப்போது நிறுவு', 'பிறகு நினைவூட்டு' என இரண்டு பொத்தான்கள். வேண்டாம் என்று சொல்ல மூன்றாவது இல்லை.

கைகால் கழுவி வந்த அப்பா பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"நம்மளுதுல மாத்துனது அப்படியேதான இருக்கு?"

கோப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். "இருக்குங்கப்பா. புதுசு ஏத்துனா போயிரும்."

"அப்ப ஏத்தாத."

இணைய இணைப்பின் வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கினேன். அறிவிப்பு மறைந்தது. காலி இடம் மட்டும் திரையில் இருந்தது.