துலக்கிய மாதிரிக் காசு

எழுபதுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு வந்தாரென்றால் மூக்கைப் பொத்திக்கொள்வார். வாசலில் ஒரு சருகு கிடந்தால் போதும், "மனுசங்க இருக்குற எடமா இது?" என்று அம்மாவைத்தான் முதலில் பிடிப்பார்.

சீமைக்குத் திரும்பிய துரையின் மனைவி, பங்களாவில் வேலை செய்த அம்மாவுக்கு ஒரு செம்புக் காசைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கறுத்துப்போன காசு. தானா ராத்தா டவுன் கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, செல்லாது என்று என் கையிலேயே போட்டார். பழங்காசு சேர்க்கும் பைத்தியம் கொண்ட கிராணிதான் விஷயத்தைச் சொன்னார். புதுக் காசு எப்படியிருக்கும் என்று பார்க்க நாலைந்து மட்டும் அடிப்பார்களாம். பிடிக்காவிட்டால் அப்படியே விட்டுவிடுவார்களாம். கடைத்தெருவையே பார்க்காத அந்த மாதிரிக் காசுக்குத்தான் சேர்ப்பவர்கள் நாயாய் அலைகிறார்களாம்.

"ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கிறேன் லா. புள்ளைக்கு யூனிபார்ம், சப்பாத்து எல்லாம் வாங்கிறலாம்" என்றார். அடுத்த ஆண்டு நான் டவுன் பள்ளிக்குப் போக வேண்டும். அன்றிரவு காலில் புதுச் சப்பாத்து மாட்டிய கனவுதான்.

சுத்தக்காரர் வீடு தேடி வருகிறாரே! அம்மா தரையைக் கழுவினார். குத்துவிளக்கோடு காசையும் சேர்த்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார். நான்தான் புளி கரைத்துக் கொடுத்தேன். பளபளத்த காசை வெற்றிலையில் வைத்து நீட்டியதும் கிராணி அலறினார்.

"யாரு இத வெளக்கச் சொன்னா? அந்தக் கறுப்புலதானே வெலையே இருக்கு! போச்சு, இனி இது வெறும் செம்புத் துண்டு!"

"அழுக்கா குடுத்தா நீங்க ஏசுவீங்கன்னுதாங்க ஐயா..."

என்ன அநியாயம்! வருஷம் முழுக்க அழுக்கு என்று ஏசிய வாய், அன்று சுத்தம் செய்ததற்கு ஏசியது. அம்மாதான் தப்புச் செய்தவர்போல் கைகட்டி நின்று, "வெறுங்கையோட போவாதீங்க ஐயா, சும்மாவே எடுத்துக்கிங்க" என்றார். பக்கத்து வீட்டு அக்காவின் பழைய சப்பாத்தில் துணி அடைத்துக்கொண்டுதான் பிறகு பள்ளிக்குப் போனேன்.

கிராணி முணுமுணுத்துக்கொண்டே காசை எடுத்தார். காசின் முகத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி, சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானும் போட்டார். வெறும் செம்புத் துண்டுக்கு எதற்கு ஐயா பொத்தான் என்று கேட்க அப்போது எனக்குத் தெரியவில்லை.