அவர் திரையில் மட்டும் தெரிந்த அறைகள்

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியறையில் வெப்சைட் செய்து தந்துகொண்டிருந்தார் அவர். கழுத்தில் டை, காலில் ரப்பர் செருப்பு, முகத்தில் உலகத்தையே இணையத்தில் ஏற்றி இறக்கிய களைப்பு. எதைக் கேட்டாலும் கைக்குட்டையை எடுத்துத் திரையைத் துடைப்பார், குற்றமெல்லாம் தூசியில்தான் என்பதுபோல.

சிதம்பரத்தில் என் மைத்துனன் பயணிகளுக்காக நாலு அறைகள் கட்டியிருந்தான். அவற்றுக்கு வெப்சைட் செய்து தந்தவர் இவர்தான். பாரிசிலிருந்து ஒரு குழு, அதில் அறைகளின் படங்களைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக எழுதியிருந்தது. அவர்களுக்குத் தெரிந்ததோ படங்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள். நானும் மைத்துனனும் போய் அவரைக் கேட்டோம்.

“இங்க பளிச்சுன்னு தெரியுதே சார். அவுங்க சிஸ்டம் சரியில்ல.”

பக்கங்களை மட்டும் சர்வரில் ஏற்றிவிட்டு, படங்களைத் தன் கணினியிலேயே வைத்திருந்தார் மகான். அந்த ஒரு திரையைத் தவிர பூமியில் வேறெங்கும் அவை தெரியாது. பக்கத்துக் கணினியில் திறந்து காட்டினேன். அங்கும் கட்டங்கள்தான். அதையும் துடைத்தார்.

“ஒண்ணு பண்ணுங்க சார். அவுங்கள இங்க வரச் சொல்லுங்க. என் சிஸ்டத்துல பாக்கட்டும்.”

“யோவ், இங்க வரைக்கும் வந்தா நான் ரூமையே காட்டிடுவேனே!” என்றான் மைத்துனன்.

வேறொருவரைப் பிடித்துப் படங்களை ஏற்றுவதற்குள் குழு புதுச்சேரியில் இடம் பிடித்துவிட்டது.

இன்றும் எனக்கு விளங்காதது, அன்று நாங்கள் எழுந்து வரும்போது அவர் அந்த அறைகளைப் பார்த்த பார்வைதான். கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிடுவதுபோல் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார், அங்கே தங்கவந்த முதல் விருந்தாளியைப் போல.