குப்புறப் போட்ட படம்

எண்பதுகளின் கடைசியில் வேலூரில் ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்தில் கம்ப்யூட்டர் ஆளாக இருந்தேன். இப்போது அந்தக் கட்டடம் இல்லை. இருந்திருந்தாலும் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டேன்.

கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்தவன் என்பதால் எனக்கென்று ஒரு வேலை ஒதுக்கியிருந்தார்கள். மூளையை ஸ்கேன் எடுக்கும்போது சில நோயாளிகளால் தலையை நேராக வைத்துக்கொள்ள முடியாது. கழுத்து ஒருபக்கம் சாய்ந்துவிடும், படமும் சாய்ந்தே வரும். அதைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கி, மூக்கு நேர் மேலே இருக்கும்படி நிமிர்த்தி, மறுபடி ஒரு ஃபிலிமில் பிடித்துத் தர வேண்டும். மூளையின் இரண்டு பாதிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர்களுக்கு அது வசதி.

நிமிர்த்த ஒரு மேட்ரிக்ஸ் போதும். இரண்டு வரிசை, நான்கு எண்கள், அதில் ஒரே ஒரு கழித்தல் குறி. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அதனால் பெருக்கினால் படம் முழுவதும் சுழன்றுவிடும். புரோகிராமை நானே எழுதினேன். முதல் தடவை ஓட்டியபோது மூக்கு கீழே வந்து நின்றது. திரை மேலிருந்து கீழாகத்தானே எண்ணுகிறது, அதனால் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இன்னொரு அரைச் சுற்று சுற்றிவிட்டேன். மூக்கு மேலே போய்விட்டது. சோதித்துப் பார்த்த தலைகள் எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்த ஆரோக்கியமான தலைகள், ஒன்றும் தெரியவில்லை. பெரிய டாக்டர் தோளில் தட்டிக்கொடுத்தார். ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கட்டி இருந்த முதல் தலை ஆம்பூரைச் சேர்ந்த ஒருவருடையது. தலைவலி, வாந்தி, நடந்தால் தள்ளாட்டம். மறுநாள் காலை பக்கத்து நர்சிங் ஹோமில் ஆபரேஷன், அதற்கு மெட்ராஸிலிருந்து சர்ஜன் வருவதாக ஏற்பாடு. சாய்ந்த படம், நான் நிமிர்த்திய படம் இரண்டையும் ஒரே உறையில் போட்டு அவர் மனைவியிடம் கொடுத்தனுப்பினோம். கால் மணி நேரம் கழித்து அந்தப் பெண் திரும்பி வந்தார்.

"சார், ஒரு நிமிஷம். இதுல வெள்ளைப் பொட்டு இந்தாண்ட இருக்குது, அதுல அந்தாண்ட இருக்குது. இன்னா சார் இது?"

"சுத்தி நிமித்தியிருக்கோம்மா. சுத்தினா இடம் மாறத்தான் செய்யும்."

"நானும் ஜன்னல் வெளிச்சத்துல ஒண்ணு மேல ஒண்ணு வச்சு சுத்திச் சுத்திப் பாத்தேன் சார். உக்கார மாட்டேங்குது. ஒண்ணைக் குப்புறப் போட்டாத்தான் உக்காருது." சொன்னதோடு நிற்காமல் ஜன்னலில் வைத்துக் காட்டினார். உட்கார்ந்தது. "நான் ஷூ கம்பெனில ஜோடி சேக்கற வேலை சார். எடது கால் துண்டை எவ்ளோ சுத்தினாலும் வலது கால் ஆவாது. குப்புறப் போட்டாத்தான் ஆவும். அப்படி எதுனா ஆயிட்டுதோன்னுதான் கேட்டேன்."

நான் இரண்டு வருஷம் எம்.எஸ்ஸி.யில் படித்ததை அவர் மூன்று வரியில் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு அது காதில் ஏறவில்லை. அவர் சேலையிலிருந்து வந்த தோல் வாசனைதான் மூக்கில் ஏறியது. அது எனக்குத் தெரியும். என் அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்வந்தால் திங்கட்கிழமை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளிப்பேன். ஸ்கேன் நிலையத்தில் யாருக்கும் இது தெரியாது. எக்ஸ்ரே டெக்னீஷியன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாரும் ஆம்பூர்ப் பக்கந்தான? பேச்சு அப்படித்தான் இருக்குது," என்றார் அந்தப் பெண், கொஞ்சம் சிரித்து.

"இல்ல, மெட்ராஸ்," என்றேன். "இங்க பாரும்மா, ஸ்கேன் படத்துல எடது வலது மாத்தித்தான் போடுவாங்க. அது டாக்டருங்களுக்குத் தெரியும். இது செருப்பு இல்ல, மூளை."

டெக்னீஷியன் சிரித்தார். அந்தப் பெண் ஃபிலிம்களை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் சொன்னதில் பாதி உண்மை. ஸ்கேன் படத்தில் நோயாளியின் இடது பக்கம் நமக்கு வலது பக்கமாகத்தான் வரும். ஆனால் இரண்டு ஃபிலிமிலும் ஒரே மாதிரி வர வேண்டும் அல்லவா? அவர் கேட்டதே அதைத்தான். எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை வைத்து, கேட்டவர் வாயை அடைத்தேன்.

மதியம் சாப்பிடப் போகாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வெற்றுப் படம் ஒன்றில் F என்ற எழுத்தைப் போட்டு என் புரோகிராமை ஓட்டினேன். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி வந்தது. மேல் வரிசையில் இருக்க வேண்டிய கழித்தல் குறியைக் கீழ் வரிசையின் கடைசியில் போட்டிருந்தேன். அது சுழற்றவில்லை, கவிழ்த்துவிட்டது. அந்த மேட்ரிக்ஸின் அணிக்கோவையை, அதாவது டிடர்மினன்ட்டைக் கணக்கிட்டிருந்தால், ஒன்று வர வேண்டிய இடத்தில் கழித்தல் ஒன்று வந்து காட்டிக்கொடுத்திருக்கும், அரை நிமிட வேலை. இதே தவறுக்காக டியூஷன் பிள்ளைகளுக்கு மார்க்கை வெட்டியிருக்கிறேன்.

நர்சிங் ஹோமுக்கு ஓடினேன். கேஸ் ஷீட்டில் ஜூனியர் டாக்டர் நிமிர்த்திய படத்தைப் பார்த்து 'வலது பக்கம்' என்று எழுதி வைத்திருந்தார். தலையை மழிக்க ஆள் வந்தாகிவிட்டது. அறை வாசல் பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்ததால் நான் பின்பக்கக் கதவு வழியாகப் போனேன். என் புரோகிராம் தப்பு, அந்தம்மாதான் கண்டுபிடித்தார் என்று சொல்லியிருக்க வேண்டும்; சொன்னது வேறு. "டாக்டர், ஃபிலிம்ல எடது வலது எழுத்து மாறி விழுந்திருக்கு போல. எதுக்கும் பழைய ஃபிலிமைப் பாத்துடுங்க," என்றேன். அவர் பார்த்தார். 'வலது' என்பதை அடித்து 'இடது' என்று எழுதினார்.

"நல்லவேளை, நீங்க கவனிச்சீங்க," என்றார். நான் மறுக்கவில்லை.

பெரிய டாக்டரிடமும் அந்தப் பெண்ணை மறைத்துவிட்டேன். புரோகிராமில் பிழை இருந்ததை F எழுத்துச் சோதனை வைத்து நானே கண்டுபிடித்ததாகச் சொன்னேன். இனி எல்லாப் புரோகிராமையும் அப்படிச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்று நோட்டீஸ் போட்டார். அதில் என் பெயர் இருந்தது. வெட்கமில்லாமல் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் கணவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு எங்கள் நிலையத்துக்கு வந்தார். தலைக் கட்டோடு அவரை வாசல் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நேராக என் அறைக்குள் வந்தார். டெக்னீஷியன் அன்றும் இருந்தார்.

"சார், அன்னிக்குத் தெரியாத்தனமா பேசிட்டேன்," என்றார். கை கூப்பியிருந்தது. "உங்க படத்தை வச்சுத்தான் அவரைப் பொழைக்க வச்சிருக்காங்க. நான் போய் நொட்டை சொல்லிட்டேன். வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், ஜாஸ்தியாத் திட்டிட்டாரு. மனசுல வச்சுக்காதீங்க சார்."

"பரவாயில்லம்மா, விடுங்க," என்றேன். மன்னித்து அனுப்பினேன்.