ஓடுகிற நாடாவை நிறுத்தாதவன்

பல்லி என்று கூப்பிட்டால்தான் அவன் திரும்பிப் பார்ப்பான். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், ஏதோ வழக்கு விவகாரம் போலிருக்கிறது என்று தெருவே எட்டிப் பார்க்கும். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் ரேடியோ ரிப்பேர் கடைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே நடப்பதைப் பார்த்தபடியே நிற்பான். உடம்பும் அதற்குத் தோதாக ஒல்லி. பெயர் நிலைத்துவிட்டது.

அந்தச் சுவருக்காக அவன் வாங்கிய அடி கொஞ்சமில்லை. நேரம் கழித்து வீட்டுக்கு வந்தால் அப்பா பெல்ட்டைக் கழற்றுவார். பிறகு அதே கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, முதலாளிக்குக் கோபம் வந்தால் ஈயம் பற்றவைக்கும் கம்பி சூட்டோடு பறந்து வரும். தோளில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மற்ற பிள்ளைகள் ஓங்கிய கையைக் கண்டாலே ஓடிவிடுவார்கள். இவன் இருந்த இடத்திலேயே இருந்து வாங்கிக்கொள்வான். பொறுமைசாலி என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பொறுமையெல்லாம் ஒன்றுமில்லை. கையில் ஏதாவது ஒரு திருகாணி பாதி முடுக்கியபடி நிற்கும். அதை முடிக்காமல் எழுந்திருக்க அவனுக்கு வராது.

இப்போது தலை நரைத்துவிட்டது. பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே ஒற்றை அறையில் கடை வைத்திருக்கிறான். பழைய கேசட்டுகளில் இருக்கும் வீட்டுப் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருவதுதான் தொழில். மூன்று வீடியோ டெக்குகள் இருக்கின்றன. அதில் ஒன்று பூசணம் பிடித்த கேசட்டுகளுக்கு மட்டும். அதற்கு ஆஸ்பத்திரி என்று பெயர். டெக்கின் முதுகிலிருந்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று வயர்கள் கேசட் படத்தைக் கம்ப்யூட்டர் படமாக மாற்றும், தீப்பெட்டி அளவுள்ள ஒரு கேப்சர் பெட்டிக்குப் போகும். அங்கிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்கு. பார்வைக்கு ஒன்றுமே இல்லாத வேலை. ஆனால் இதில் அவசரம் செல்லாது. கேசட் ஓடுகிற நேரமெல்லாம் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

மற்ற கடைகளில் விழா முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். பல்லி நிறுத்த மாட்டான். நாடா தீர்ந்து டெக் தானாக நிற்கும்வரை ஓட விடுவான். கேசட்டின் வாலில்தான் குடும்பம் இருக்கிறது என்பான். கேமராவை அணைக்க மறந்திருப்பார்கள், அல்லது அடியில் பழைய பதிவு மிச்சமிருக்கும். அங்கே அவன் பார்க்காதது இல்லை. விருந்தில் நாற்காலியைத் தூக்கி மாமனார் மண்டையில் போட்ட மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறான். நாயைக் கல்லால் அடித்தே கொன்றுவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்த பையன்களையும், தங்கையின் விரலைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திய அண்ணனையும் பார்த்திருக்கிறான். எதையும் வெட்ட மாட்டான். "வாலில கொஞ்சம் இருக்கு, தனியாப் பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தனுப்புவான்.

ஒருநாள் முற்பகல், தெருமுனை டயர்கடைக்காரனின் அம்மா படியேறி வந்தாள். பையிலிருந்து பிளாஸ்டிக் உறை சுற்றிய ஒரே ஒரு கேசட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"தம்பி, இது ஓடுமா பாருங்க."

பல்லி கேசட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். நாடாவின் ஓரமெல்லாம் மாவு தூவியது போல வெள்ளைப் பூசணம்.

"எங்கேம்மா வச்சிருந்தீங்க, கிணத்துக்குள்ளயா?"

"பாத்திரம் கழுவுற தொட்டிக்கு அடியில. ஒரு செங்கல்லை எடுத்துட்டு உள்ள சொருகி வச்சேன்."

"ஒளிச்சு வச்சீங்களா."

"ஆமா."

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, யாருடைய கதையையோ சொல்வது போலச் சொன்னாள். மகனுக்கு மூன்றாவது பிறந்தநாள். கப்பலில் வேலை பார்த்த கணவர் விடுமுறைக்கு வந்தபோது கேமரா வாங்கி வந்திருந்தார். அதை அலமாரி மேல் வைத்து ஓடவிட்டார். விருந்தாளிகள் போன பிறகும் அது ஓடிக்கொண்டே இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

"அன்னைக்கு அவர் என்னை அடிச்சது முழுக்க இதுல இருக்கு. எல்லாரும் கேக் வெட்டுற வரைக்கும் பாத்துட்டு நிறுத்திடுவாங்க. அவருக்கே தெரியாது. நான் ஒருத்திதான் ஒருநாள் கடைசி வரைக்கும் பாத்தேன். பாத்துட்டு, தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன்."

"இப்போ எதுக்கும்மா?"

"என் மகன் அவன் பொண்டாட்டியை அடிக்கிறான். போன மாசம் காதோட சேத்து அறைஞ்சான். அந்தப் பக்கம் அவளுக்கு இன்னும் கேக்கல. ஏன்டா இப்படின்னு கேட்டா, 'அப்பா உன்மேல ஒருநாளாவது கை வச்சாரா? நீ ஒழுங்கா இருந்தே, இவ இல்ல'ங்கிறான். நான்தான் அப்படிச் சொல்லி வளத்தேன். இவன் சின்னதா இருக்கறப்பவே செத்தவரைப் பத்தி எதுக்குன்னு, அப்பா தங்கம் தங்கம்னே சொன்னேன். அந்தத் தங்கத்துக்கு இப்போ அந்தப் பொண்ணு அடி வாங்குது."

"இதைப் பாத்தா நிறுத்துவாரா?"

"அவனுக்கு அப்பான்னா உசுரு. அவர் செஞ்ச அசிங்கத்தைக் கண்ணால பாத்தா கூசிப் போவான். அதுக்கு மேல எனக்கு வழி தெரியல தம்பி. இன்னொரு அறை விழுந்தா அவ தாங்க மாட்டா."

பல்லி மூக்கை மறைத்துத் துணி கட்டிக்கொண்டான். கேசட்டின் திருகுகளைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய துணியால் நாடாவை அடி அடியாகத் துடைத்தான். துணி அழுக்கானால் மாற்றினான். மதியம் ஆகிவிட்டது. அவள் அசையவில்லை.

"பிசுபிசுன்னு இருக்கும்மா. ஒரே ஒரு தடவைதான் ஓடும். ஓட ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாது. கரண்ட் போனாலும் போச்சு. உள்ள சுத்துற உருளையில ஒட்டிக்கும். கிழிச்சுதான் எடுக்கணும்."

"ஓட்டுங்க. அவனையும் வரச் சொல்லியிருக்கேன்."

"இங்கேயா?"

"வீட்டுல காட்டினா அடுத்த ரூம்ல அவ இருப்பா. கோவத்துல அவமேல பாய்வான். இங்கேன்னா நீங்க இருக்கீங்க."

பல்லி தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "நான் இருக்கேன்னு என்னை நம்பி வந்த முதல் ஆளு நீங்கதான்மா."

கேசட்டை ஆஸ்பத்திரி டெக்கில் தள்ளி, கம்ப்யூட்டரில் பதிவைத் தொடங்கிய சற்று நேரத்தில் டயர்கடைக்காரன் வந்து சேர்ந்தான். கதவை அடைக்கிற உடம்பு. கையெல்லாம் ரப்பர் கறுப்பு. முகம் மலர்ந்திருந்தது.

"என்ன அண்ணே, எங்கப்பாவை உயிரோட எழுப்பிட்டீங்களாமே."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். திரையில் கோடு கோடாக ஓடிய படம் மெல்லத் தெளிந்தது. பலூன் கட்டிய அறை. அலமாரி உச்சியிலிருந்து பார்ப்பதால் எல்லோருடைய தலையும்தான் முதலில் தெரிந்தது. வாட்டசாட்டமான ஒருவர் குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா அண்ணே, ஒத்தைக் கையில தூக்கறாரு. என்னைத்தான்." கறுப்புக் கையாலேயே கண்ணைத் துடைத்ததில் கன்னத்தில் தீற்றியது.

கேக் வெட்டினார்கள். கை தட்டினார்கள். ஒவ்வொருவராக விடைபெற்றுப் போனார்கள்.

"போதும் அண்ணே. நிறுத்திட்டு பென்டிரைவ்ல ஒரு காப்பி எடுத்துக் குடுங்க."

"நிறுத்தாதீங்க தம்பி" என்றாள் அம்மா.

"இன்னும் என்னம்மா இருக்கு, எச்சில் தட்டா?"

எச்சில் தட்டுதான் இருந்தது. இளம்பெண் ஒருத்தி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியில் குழந்தை சிந்திய கேக்கைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. அந்த மனிதர் உள்ளே வந்து கதவைத் தாழிட்டார்.

"எவன்கிட்ட அப்படிச் சிரிச்சே?" ஈரத்தில் ஊறிய நாடாவில் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வந்தது.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. முதல் அறை விழுந்ததும் தட்டுகள் சிதறின. முடியைப் பிடித்து இழுத்து வந்து தலையை அலமாரியில் மோதினார். அந்த அலமாரி மேல்தான் கேமரா. ஒவ்வொரு மோதலுக்கும் படம் குலுங்கியது. அவள் சரிந்தாள். அவர் காலால் மிதித்தார்.

"நிறுத்து" என்றான் டயர்கடைக்காரன்.

பல்லி டெக்கின் முன்னால் நகர்ந்து நின்றான். "இப்போ நிறுத்த முடியாது. முடியட்டும்."

"நிறுத்துடா."

முதல் குத்து வாயில் விழுந்தது. பல்லி சுவருக்குப் போய்த் திரும்பி வந்தான். வந்து, டெக்கின்மேல் குப்புறக் கவிழ்ந்து, ஒரு கையால் கேப்சர் பெட்டியை மூடிக்கொண்டு, மறு கையால் பிளக்கைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். டயர்கடைக்காரன் சட்டையைப் பிடித்து இழுத்தான். சட்டை கிழிந்து வந்தது, ஆள் வரவில்லை. முதுகில் குத்தினான். விலாவில் முழங்காலால் இடித்தான். அறையில் இரண்டு விதமாக அடிச் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் கேட்டது ஒன்று, தன் முதுகில் கேட்டது ஒன்று. எது எது என்று கொஞ்ச நேரத்தில் பல்லிக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

டயர்கடைக்காரன் முக்காலியை ஓங்கி, பிளக்கைப் பிடித்திருந்த கையில் போட்டான். விரல் ஒடிந்த சத்தம் கேட்டது. கை விடவில்லை. உருளை சுற்றுகிற அதிர்வு பல்லியின் நெஞ்சுக்கூட்டில் பட்டுக்கொண்டிருந்தது. அது நிற்காதவரை சரிதான் என்று நினைத்துக்கொண்டான். கீழே பல் டாக்டரின் உதவியாளர் பாதிப் படி வரைக்கும் ஏறி வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வேகத்தில் இறங்கிப் போனார்.

அம்மா விலக்க வரவில்லை. அவள் கண் திரையிலேயே இருந்தது. "இப்போ பாருடா" என்றாள். "இப்போ."

அவள் குரலுக்கு மகன் திரும்பினான். திரையில் மேசைக்கு அடியிலிருந்து குழந்தை தவழ்ந்து வந்து, மிதிக்கிற காலைக் கட்டிப்பிடித்துக் கடித்தது. அந்த மனிதர் காலை உதறினார். குழந்தை சுவரில் போய் மோதி, ஒரு நிமிடம் சத்தமே வராமல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பிறகு அலறியது. அதற்குப் பிறகு அவர் அழுகிறவளைத் தாண்டி நடந்து போய் விளக்கை அணைத்தார். இருட்டில் அழுகை மட்டும் ஓடி, நாடா தீர்ந்து, டெக் நின்றது.

பல்லி இடது கையால் பதிவைச் சேமித்தான். வாயில் ஒரு பல் தனியாக இருந்தது. அதை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தான்.

டயர்கடைக்காரன் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். அம்மா முன்னால் குனிந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

"அப்பாவும் அப்படித்தானா" என்றான் கடைசியில். பெரிய பாரம் இறங்கியவன் போல் இருந்தது குரல். "எனக்கு மட்டும்தான் ஏதோ கோளாறுன்னு உறுத்திக்கிட்டே இருந்துச்சும்மா. அவரே அடிச்சிருக்காரு. அதுக்காக நீ எங்கயாவது போனியா? இருந்தே. என்னை வளத்தே. வீடு நின்னுச்சு."

"வந்து கடிச்சது யாருன்னு பாத்தியா?"

"சின்னப் புள்ளம்மா. அதுக்கு என்ன தெரியும்."

எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டான். பல்லியிடம், "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே, அப்பாவை அப்படிப் பாத்ததும் கை நீண்டுடுச்சு. கீழ டாக்டர்கிட்டச் சொல்லிட்டுப் போறேன், பாத்துக்குங்க" என்றான். அம்மாவிடம், "ஒரு லாரி ஜாக்கில நிக்குது, நான் கடைக்குப் போறேன். நீ வீட்டுக்குப் போ" என்றான். படியிறங்குகிற சத்தம் நிதானமாகக் கேட்டது.

அது ஓய்ந்ததும் அம்மா பல்லி பக்கம் திரும்பினாள்.

"தப்பு பண்ணிட்டேன். அவன் கூசுவான்னு நினைச்சேன். தைரியம் குடுத்து அனுப்பிட்டேன்."

பல்லி துணியை வாயில் அழுத்திக்கொண்டே கேட்டான். "அழிச்சிடவாம்மா?"

"வேணாம். படத்தை ரெண்டு காப்பி எடுத்துக் குடுங்க. மருமக ஒவ்வொரு தடவை அவங்க வீட்டுக்கு ஓடிப் போறப்பவும் பொறுத்துப் போன்னு அவ அப்பா கொண்டுவந்து விட்டுட்டுப் போறாரு. பொறுத்துப் போனவ எப்படிக் கிடந்தான்னு அவர் பாக்கட்டும். இன்னொண்ணு போலீசுக்கு. நானே வந்து நடந்ததைச் சொல்றேன். உங்களை அடிச்சதையும் சேத்து." பிறகு அவன் கையைப் பார்த்தாள். "உங்களை இப்படி மாட்டி வச்சிட்டேனே தம்பி."

"நாடா முழுசா வந்துடுச்சும்மா" என்றான் பல்லி.

இடது கையால் ஒவ்வொன்றாகத் தட்டி இரண்டு பென்டிரைவில் பிரதி போட்டான். அதற்குள் அவள் போனை எடுத்து மருமகளைக் கூப்பிட்டாள்.

"நல்ல காதுல வச்சுக்கிட்டுக் கேளு. அவன் கடைக்குப் போயிருக்கான். லாரி ஜாக்கில நிக்குதாம், அது இறங்குற வரைக்கும் வர மாட்டான். உன் துணி, நகை, படிச்ச சர்ட்டிபிகேட் எல்லாத்தையும் எடுத்து ஒரு பையில வை. நான் ஆட்டோல வர்றேன்."

காது போனதிலிருந்து மருமகள் சத்தமாகத்தான் பேசுவாள். அவள் கேட்டது அறை முழுக்கக் கேட்டது. "அப்புறம் நீங்க என்ன செய்வீங்க அத்தை? உங்களைச் சும்மா விடுவாரா?"

"எனக்கும் நாலு துணி எடுத்து வைம்மா. அலமாரியில என் கண்ணாடி இருக்கு, அதை மறந்துடாதே."

பல்லி கிழிந்த சட்டையின்மேல் இன்னொரு சட்டையை மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டி, அவளுக்கு முன்னால் இறங்கினான். கீழே பல் டாக்டர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "அப்புறம் வர்றேன் சார், கையில ஒரு வேலை பாதியில இருக்கு" என்று வாயைப் பொத்திக்கொண்டே சொல்லிவிட்டு, ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தத் தெருவுக்குப் போனான்.