இன்டர்வியூ மேஜைக்கு இந்தப் பக்கம்

போன டெர்மில் ஒரு நாள். பையனைக் கூட்டிவரப் போயிருந்தேன். பள்ளிக்கூட ஆபீஸில் இருக்கும் பெண்மணி ஜன்னல் வழியாகக் கையசைத்துக் கூப்பிட்டார். கவின் மறுபடியும் தொப்பியைத் தொலைத்துவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

விஷயம் தொப்பி இல்லை. எங்கள் தலைமை ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். புதியவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பெற்றோர் தரப்பிலிருந்து ஒருவர் உட்கார வேண்டுமாம். "நீங்க வர்றீங்களா?" என்றார்.

நானா? திருச்சியில் நான் படித்த பள்ளியில் என் அப்பா ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குள் போனது ஒரே ஒரு தடவை. அதுவும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு! இங்கே என்னடாவென்றால், நான் உட்கார்ந்துகொண்டு அவர்களைக் கேள்வி கேட்க வேண்டுமாம்.

"வேற யாரும் கிடைக்கலையா?"

"இல்லை" என்றார் அவர். மழுப்பவே இல்லை.

கிடைக்காததற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய டூங்கபி என்ற ஊரில் எங்களுடையது அரசு ஆரம்பப் பள்ளி. பத்து நிமிஷ டிரைவில் புதிதாக ஒரு தனியார் பள்ளி வந்திருக்கிறது. பிளேசர், டை, ஆளுக்கொரு லேப்டாப். பெற்றோர் கட்டும் ஃபீஸ் போக, அரசாங்கமும் அதற்குப் பணம் தருகிறது. எங்கள் தெருவிலிருந்தே மூன்று குடும்பங்கள் அங்கே போய்விட்டன. பிள்ளைகள் குறையக் குறைய இங்கே ஆசிரியர்களும் குறைந்தார்கள். இந்த வருஷம் மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் ஒரே அறையில் சேர்த்துவிட்டார்கள்.

பிறந்தநாள் பார்ட்டிகளில் இதே பேச்சுதான். "எங்க படிக்க வைக்கணும்ங்கிறது நம்ம உரிமை" என்று ஒரு கட்சி. "எல்லாரும் கிளம்பிட்டா மிச்சம் இருக்கிற பிள்ளைங்க கதி?" என்று இன்னொரு கட்சி. நான் வடையைக் கடித்துக்கொண்டே இரண்டு பக்கமும் தலையாட்டுவேன்.

இதில் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது... அந்தத் தனியார் பள்ளியின் அட்மிஷன் ஃபாரம் என் கைப்பையில் இருந்தது. என் கணவர் சுந்தர் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டார். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஆபீஸில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "சரி, வர்றேன்" என்றுவிட்டேன்.

"நாமளே கிளம்பப் போறோம். நீ யாருக்கு ஹெட்மாஸ்டர் தேடுற?" என்று சிரித்தார் சுந்தர்.

என்ன கேள்வி கேட்பது? கேட் அருகே நிற்கும் அம்மாக்களிடம் விசாரித்தேன். ஒருவர் கணக்கு என்றார். ஒருவர் டாய்லெட் என்றார். கடைசியாக ஜெயந்தியிடம் கேட்டேன். இலங்கையிலிருந்து படகில் வந்தவர். இன்னும் தற்காலிக விசாதான். மகள் கவினின் வகுப்பு.

"எனக்கு உதெல்லாம் தெரியாது அக்கா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகினம் எண்டு கதைக்கினம். நீங்களுமோ?"

நான் பையின் ஜிப்பைச் சரிசெய்தேன். ஏற்கெனவே மூடியிருந்த ஜிப்.

"நீங்கள் போனாலும் பிழை இல்ல. எங்களுக்குத்தான் வேற இடமில்ல. இந்தப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிப் போடுவினமோ எண்டு மட்டும் கேட்டுப் பாருங்கோ."

அன்று ராத்திரி அவர் கேள்வியை அப்படியே ஒரு தாளில் எழுதிவைத்தேன்.

இன்டர்வியூ நாள் வந்தது. குழுவில் நான்கு பேர். கல்வித் துறை அதிகாரி ஒருவர், வேறு பள்ளியின் தலைமை ஆசிரியர், எங்கள் ஆசிரியர்களில் ஒருவர், அப்புறம் நான். உள்ளே நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. வந்த மூவரில் தேர்வானவரிடம் மட்டும் இதை எழுதப் பின்னால் அனுமதி கேட்டேன். "நம்ம ரெண்டு பேர் பேசினதை மட்டும் எழுதிக்கோங்க" என்றார். எழுதுகிறேன்.

ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. என் முறை வந்ததும் கேட்டேன்: "தனியார் பள்ளிக்குப் போகலாமான்னு யோசிக்கிற பெற்றோர்கிட்ட என்ன சொல்வீங்க?"

"போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன். ஏன் போறீங்கன்னு கேட்பேன்." கொஞ்சம் நிறுத்தி, என் முகத்தையே பார்த்தார். "நீங்க யோசிக்கிறீங்களா?"

அதிகாரி தொண்டையைச் செருமினார். கேள்வி கேட்க வேண்டியது நான்தானே? ஆனால் பொய் வரவில்லை.

"ஆமா" என்றேன்.

"ஏன்?"

"என் பையன் ஆறு மாசமா ஒரே லெவல் புத்தகத்தையே வாசிச்சுக்கிட்டிருக்கான். யாருமே கவனிக்கலை." இத்தனை நாள் இதை நான் சுந்தரிடம்தான் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை!

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். "இது பள்ளிக்கூடத்தோட தப்பு. ஆனா சரிசெய்ய முடியிற தப்பு" என்றார்.

அடுத்ததாக ஜெயந்தியின் கேள்வியைக் கேட்டேன். "மூட மாட்டாங்கன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. அது என் கையில இல்லை. ஆனா, வர்ற பிள்ளை யாரையும் திருப்பி அனுப்ப மாட்டேன். அது என் கையில இருக்கு."

அன்று சாயங்காலம் குழு எடுத்த முடிவில் எனக்கும் ஒரு ஓட்டு இருந்தது. அதை யாருக்குப் போட்டேன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து, கவின் இங்கேயே படிக்கட்டும் என்று சுந்தரிடம் சொன்னேன். ஃபாரத்தை நிரப்பியதெல்லாம் வீணா என்று அவருக்குக் கோபம் வரும் எனப் பயந்தேன். அவர் ரொம்ப நேரம் டீயை ஆற்றினார். "ஒரு வருஷம் பாக்கலாம். அந்த ஃபாரத்தைத் தூக்கி அலமாரில வை" என்றார். அவ்வளவுதான்.

புதியவர் இந்த டெர்மில் பொறுப்பேற்றார். இரண்டாவது வாரமே கவினின் வகுப்பில் எல்லோரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவனை மூன்று லெவல் மேலே தூக்கிப் போட்டார்கள். புதன்கிழமைகளில் லைப்ரரியில் பெற்றோருக்கு டீ. முதல் இரண்டு வாரம் ஜெயந்தி வாயே திறக்கவில்லை. மூன்றாவது வாரம் எழுந்து நின்று, "ஒய் நோ ஹோம்வொர்க்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாரே பார்க்கலாம்! இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் ஹோம்வொர்க்.

"அம்மா, திஸ் இஸ் ஆல் யுவர் ஃபால்ட்!" என்கிறான் கவின். யார் கேட்டது என்று நான் காட்டிக்கொடுக்கவில்லை.

எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வகுப்புகள் இன்னும் சேர்ந்தேதான் இருக்கின்றன. தனியார் பள்ளிக்குப் போன என் தோழியின் மகள் அங்கே சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். அதையும் சொல்லத்தானே வேண்டும்? போனவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. குறையை உரிய இடத்தில் சொல்லாமலே கிளம்பப் பார்த்த என் மேல்தான் கொஞ்சம் வெட்கம்.

போன சனிக்கிழமை தேர்தல். ஓட்டுச்சாவடி எங்கள் பள்ளிக்கூடம். ஓட்டுப் போட வந்தவர்களுக்குப் பெற்றோர் சங்கம் பள்ளி நிதிக்காக பார்பிக்யூ அடுப்பில் இறைச்சி சாசேஜ் சுட்டு விற்றது. அடுப்படியில் ஆள் குறைகிறது என்றதும் ஏப்ரனை மாட்டிக்கொண்டு போனது யார் தெரியுமா? பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத சுந்தர்! பக்கத்தில் நின்ற ஜெயந்தியின் கணவரிடம் "வெந்துருச்சா?" என்று கேட்டுக் கேட்டுப் புரட்டிப் போட்டார்...

மத்தியானத்துக்குள் சாசேஜ் எல்லாம் காலி!