பெட்டிக்குள் இருந்த குங்ஃபூக்காரன்

என் கணவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதை ஒரு தகரப் பெட்டியை வைத்துத்தான் நான் கணித்தேன். வேறு வழி இல்லை. கல்யாணமான ஒரு மாதத்துக்குள் அவர் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குக் கிளம்பிவிட்டார். அந்த ஒரு மாதமும் விருந்து, கோயில், சொந்தக்காரர் வீடு என்றே போயிற்று. அவர் பேசுகிற ஆள் இல்லை. நானோ புது இடத்தில் வாயைத் திறக்கவே யோசிக்கிறவள்.

நான் சீர்காழிப் பக்கம், நெல் வயல்களுக்கு நடுவில் வளர்ந்தவள். வாக்கப்பட்டது பேராவூரணிப் பக்கம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னை. அந்த நாட்களில் அங்கே வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருந்தார்கள். பையன் கையில் பாஸ்போர்ட் இருந்தால் பெண் வீட்டார் மறு பேச்சுப் பேசுவதில்லை. என் அப்பாவும் பேசவில்லை. குணம் எப்படி என்று விசாரித்ததற்கு, "தங்கமான பையன்" என்றார்களாம். என் அக்கா புருஷனைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள்.

அக்கா புருஷன் கை நீட்டுகிறவர். பெண் பார்க்க வந்த அன்று தலை நிமிராமல் காபி குடித்துவிட்டுப் போன மனிதர். தலைதீபாவளிக்கு வந்த அக்காவின் கன்னம் வீங்கியிருந்தது. "கதவு இடிச்சிட்டு" என்றாள். பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுக் கதவு அவளை அப்படி ஒருநாளும் இடித்ததில்லை. அன்றிலிருந்து என் மனசில் ஒரே கேள்விதான் இருந்தது. எனக்கு வரப்போகிறவர் அடிப்பாரா? கல்யாணத்துக்குப் பிறகும் அது போகவில்லை. அமைதியாக இருக்கிறாரே என்று நிம்மதிப்படவும் முடியவில்லை. அக்கா புருஷனும் முதல் மாதம் அமைதியாகத்தான் இருந்தார்.

என் கணவர் போன பிறகு ஒருநாள் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது பச்சை நிறத் தகரப் பெட்டி ஒன்று தட்டுப்பட்டது.

"அவன் பொட்டிதாம்மா. பத்திரமா வச்சுக்க" என்றார் மாமியார்.

துணிமணி இருந்தால் வெயிலில் போடலாமே என்று திறந்தேன். உள்ளே முழுக்கச் சித்திரக்கதைப் புத்தகங்கள். எல்லாவற்றிலும் ஒரே நாயகன். சட்டை கிடையாது, இடுப்பில் மஞ்சள் கச்சை, வெறுங்கால். பனிமலையில் ஏதோ மடத்தில் குங்ஃபூ கற்றுக்கொண்டு நகரத்துக்கு வந்தவன். உள்ளங்கைகளைச் சேர்த்துத் தேய்த்தால் நெருப்புப் பறக்கும். அந்தக் கையால் தொட்டால் சுவர் இடிந்து விழும். அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை என்னோடு சேர்த்துச் சொல்லி ஊர் சிரித்ததே போதும்.

புத்தகங்கள்கூடப் பரவாயில்லை. பக்க ஓரங்களில் பேனாவால் எழுதியிருந்ததுதான் என்னைக் கலக்கியது. ஒருவன் தாடை உடைகிற படத்துக்குப் பக்கத்தில் "செம அடி". இன்னொருவன் மாடியிலிருந்து விழுகிற இடத்தில் "இது போதாது". கல்யாண வயசு வந்த ஆண்பிள்ளை உட்கார்ந்து இதையெல்லாம் ரசித்து எழுதியிருக்கிறார்! பெட்டியை மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

இருந்தாலும் படித்தேன். மத்தியானத்தில் மாமியார் தோப்புக்குப் போய்விட்டால் வீட்டில் வேறு என்ன இருக்கிறது? படிக்கப் படிக்க அந்தக் குங்ஃபூக்காரன் மேல் எரிச்சல்தான் வந்தது. பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். பத்துப் பேரும் ஒன்றாகப் பாய்ந்து அமுக்கியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ரேஷன் கடை வரிசை போல ஒவ்வொருத்தனாக வந்து உதை வாங்கிக்கொண்டு போவான். ஆனால் அடுத்த புத்தகத்தை எடுக்காமலும் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு அவர் போன் செய்வார். புருஷன் வெளிநாட்டில் இருக்கிற பெண்கள் எல்லோரும் அங்கே அழைப்புக்குக் காத்திருப்போம். பூத்துக் கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே பேசுவது வெளியே அத்தனை பேருக்கும் கேட்கும்.

"சாப்டியா?"

"ம்."

"அம்மா நல்லா இருக்காங்களா? ஆத்துல தண்ணி வந்துட்டா?"

"ம்."

அதோடு சரி. நான் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று. அதை அத்தனை காதுகளுக்கு முன்னால் எப்படிக் கேட்பது? கடைசியில் சுற்றி வளைத்து ஆரம்பித்தேன்.

"பொட்டியில இருந்த குங்ஃபூ புத்தகத்தை எடுத்துப் படிச்சேங்க."

கேட்காமல் பெட்டியைத் திறந்ததில் கோபமோ என்று பயந்தேன். பிறகு, "அப்புடியா? என்னா கதை, சொல்லு" என்றார்.

சொன்னேன். "அப்புறம்?" என்றார். அதற்கு மேலும் சொன்னேன். என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஒன்று விடாமல் சொன்னேன். தாடை உடைகிற இடம் வந்ததும், குஷியாகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"ஐயோ, பாவம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை ஒரு வாரம் வைத்துக்கொண்டிருந்தேன். நம்பலாமா? அக்கா புருஷன்கூட ஆட்டுக்குட்டியைப் பார்த்தால் பாவம் என்பார்.

அப்படியே வாரா வாரம் கதை ஓடியது. ஒரு ஞாயிறு, "ஜன்னலை ஒடச்சிக்கிட்டு உள்ள குதிச்சிட்டான்ங்க அவன். சட்டைகூடப் போடல. அவளும் சத்தமே போடல" என்று நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தது வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. நான் வீடு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. வாசலில் மாமியார் தென்னை மட்டையோடு நின்றார்.

"யாருடி அவன்?"

ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினேன். அட்டையைத் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார்.

"இவனா? காலைப் பாரு, குச்சியாட்டம். நம்ம தோப்புல ஒரு மரம் ஏறுவானா இவன்?" என்று மட்டையைக் கீழே போட்டார். அப்போது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஊருக்கு மட்டும் ரொம்ப நாளைக்கு நான் குங்ஃபூக்காரன் பெண்டாட்டி.

ஒருமுறை வேண்டுமென்றே கதையை மாற்றிச் சொன்னேன். புத்தகத்தில் நாயகன் துரோகியைப் பள்ளத்தில் தள்ளிவிடுவான். நான் போனில், அவன் கையை ஓங்கிவிட்டு, அடிக்காமல் மன்னித்துவிட்டதாகச் சொன்னேன். "அப்புடி இல்லையே" என்று திருத்துவார் என எதிர்பார்த்தேன். "அதுதான் சரி. அடிச்சு என்னா ஆகப்போவுது" என்றார். அன்றைக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாத நான் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன், மனசு அவ்வளவு லேசாக இருந்தது. மறுநாள் பெட்டியைத் திறந்து ஓரத்தில் இருந்த எழுத்தைப் பார்த்ததும் பழைய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டு வருடம் கழித்து லீவில் வந்தார். மெட்ராஸில் இறங்கி, ரயிலிலும் பஸ்ஸிலும் ஒரு பூப்போட்ட பிளாஸ்க்கை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். பெட்டியில் போட்டால் உள்ளே இருக்கிற கண்ணாடி உடைந்துவிடுமாம். மறுநாள் காலை அதில் காபி ஊற்றித் தூக்கினேன். ஈரக் கை. சமையல்கட்டுப் படியில் விழுந்து உள்ளே கண்ணாடி நொறுங்குகிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

கூடத்திலிருந்து அவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நான் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. விரல் இடுக்கில் பார்த்தேன். அவர் அந்த இடத்திலேயே நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. தூக்கிய கைகளை மெதுவாக இறக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீ கண்ணாடியை மிதிச்சிடப் போறியேன்னு ஓடியாந்தேன். நான் அடிக்க வந்தேன்னா நெனச்ச?"

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. அக்கா கன்னத்தைச் சொன்னேன். அந்தப் புத்தகங்களைச் சொன்னேன். "செம அடி, இது போதாதுன்னு நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க?" என்று அழுதுகொண்டே கத்தினேன். வந்த நாளாக அந்த வீட்டில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

அவருக்கு முதலில் புரியவே இல்லை. பிறகு தலையை ஆட்டினார்.

"அது என் பொட்டியே இல்ல. என் சிநேகிதன் மலேசியா போறப்ப நம்ம வீட்டுல போட்டுட்டுப் போனான். அவன் எழுதுனதா இருக்கும். நான் அதுல ஒரு புத்தகம்கூடப் படிச்சதில்ல."

"அப்ப ஏன் வாரா வாரம் அப்புறம், அப்புறம்னு கேட்டீங்க?"

"நீ எங்கிட்ட வாய் தொறந்து பேசுனதே அது ஒண்ணுதான். கதை முடிஞ்சிட்டா மறுபடி 'ம்'முன்னு சொல்லிட்டு வச்சிடுவியேன்னு பயம்."

என் வயிற்றில் பால் வார்த்த பேச்சு அது. இரண்டு வருடமாக நான் அவருக்குப் பயந்துகொண்டிருக்க, அவர் அங்கே என் மௌனத்துக்குப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எழுந்து விளக்குமாற்றை எடுத்தேன். அவர் இன்னும் கைகளைப் பின்னால் கட்டியபடியே நின்றிருந்தார், முன்னால் கொண்டுவந்தால் நான் மிரண்டுவிடுவேனோ என்று.

"கையை முன்னாடி கொண்டாங்க" என்றேன். முறத்தைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது.